ஒப்பீட்டுக்கு விட்ட ஒரு முழம்

அந்தப் பாத்தியில் பூ வராமல் போனதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் எங்காவது சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டால், எனக்குச் சாதகமான இடமாகப் பார்த்துத்தான் வைப்பேன். முப்பத்தோரு வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் நான். எதை எப்போது சொன்னால் வகுப்பில் ஒரு கையும் உயராது என்பது எனக்குத் தெரியும்.

1996 அக்டோபர் முதல் வாரத்தில் நானும் என் மனைவியும் டெக்சாஸில், ஆஸ்டினுக்கு வடக்கே, மகன் வீட்டில் போய் இறங்கினோம். பேத்திக்கு அப்போது ஒரு வயது முடிந்திருந்தது. மகன் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். மருமகள் எம்.சி.ஏ. படித்து, கோயமுத்தூரில் இரண்டு வருடம் வேலையிலும் இருந்தவள். கணவனைச் சார்ந்து வந்த விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது என்பதால் மூன்று வருடமாக வீட்டிலேயே இருந்தாள்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை காபி டம்ளரோடு வாசலுக்கு வந்தேன். தெரு முழுக்க ஒரே மாதிரி வீடுகள், ஒரே உயரத்துக்கு வெட்டிய புல். எங்கள் வீட்டுக்கு முன்னால் மட்டும், செங்கல் சுவரையொட்டி, பன்னிரண்டு அடி நீளத்துக்கும் ஆறடி அகலத்துக்கும் புல்லைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி எடுத்திருந்தது. அடியில் வெறும் மண். அதை மண் என்று சொல்வதே மரியாதை. பாதிக்குமேல் சுண்ணாம்புக் கல். இது எதற்கு என்று மருமகளைக் கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, நின்றபடியே அரைமணி நேரம் சொன்னாள். அவ்வளவு நேரம் அவள் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

அந்த ஊரில் மார்ச் கடைசியில் சாலையோரமெல்லாம் நீலமாகிவிடும் என்றாள். புளூபானட் என்று பெயர். அந்த மாநிலத்தின் பூ. ஜனங்கள் காரை ஓரங்கட்டி நிறுத்தி, பிள்ளைகளைப் பூவுக்கு நடுவில் உட்காரவைத்துப் போட்டோ எடுப்பார்களாம். வந்த முதல் வருடம் அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு ஆசை. எதிர் வீட்டில் தனியாக இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தன் தம்பியின் மேய்ச்சல் நிலத்தில் சேகரித்த விதையை ஒரு ஊறுகாய் பாட்டில் நிறையக் கொடுத்திருந்தார். ஆனால் அந்தக் குடியிருப்பில் வீட்டின் முன்புறம் புல்தான் இருக்கவேண்டும் என்பது விதி. அதனால் ஆகஸ்டில் மருமகள் அசோசியேஷன் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். நமக்கெதுக்கு வம்பு என்று மகன் போகவில்லை. மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த பத்துப் பேருக்கு முன்னால், தாளில் எழுதி எடுத்துப்போனதைப் பார்த்துப் பார்த்துப் பேசினாளாம். எதிர் வீட்டு அம்மாளும் அந்தக் குழுவில் ஒருவர். ஒரு வசந்தத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். ஏப்ரல் முடிவதற்குள் பூத்துப் பார்வையாக இருந்தால், குடியிருப்பின் நுழைவாயிலில் சும்மா கிடந்த நீளத் துண்டு நிலத்தை அடுத்த அக்டோபரில் அவள் பொறுப்பில் விடுவார்கள். இல்லையென்றால் பழையபடி புல்.

அந்த நீளத் துண்டின்மேல்தான் அவள் கண்.

"மாமா, இங்க வந்து மூணு வருஷத்துல நானாப் போயி, நானாக் கேட்டு வாங்குனது இது ஒண்ணுதானுங்க," என்றாள்.

விதைப்பை நான் கிட்ட இருந்து பார்த்தேன். விதை கொள்ளுப் பயறைவிடச் சிறியது, ஓரம் சப்பையாக, சாம்பலும் பழுப்புமாய்ப் புள்ளி விழுந்து, பொடிக் கூழாங்கல் போல இருந்தது. தோல் அவ்வளவு கெட்டி. அவள் இரண்டு உப்புத்தாள்களுக்கு நடுவில் விதையை வைத்து, சந்தனம் அரைப்பது மாதிரி பதமாகத் தேய்த்தாள். பிறகு மணலில் கலந்து வீசினாள். மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, மிதித்தால் போதும் என்று எதிர் வீட்டு அம்மாள் சொல்லியிருந்தாராம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பாத்தி முழுக்க இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக அவள் நடந்தாள். குழந்தை கைதட்டியது. தெருவில் நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஐப்பசியில் விதைப்பது எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் பக்கத்தில் கொள்ளு விதைக்கிற பட்டமும் அதுதான். ஆனால் எங்களுடையது மழைக்காக. இங்கே குளிர்காலம் முழுக்கச் செடி என்ன செய்துகொண்டிருக்கும்? உறைபனி விழுகிற ஊரில் இளஞ்செடி எப்படித் தாங்கும்? எல்லா விதையும் ஒரே நாளில் முளைக்குமா? நான் பாடம் நடத்திய செடிகள் பெரும்பாலும் புத்தகத்திலும் ஃபார்மலின் பாட்டிலிலும் இருந்தவை. உயிரோடு ஒரு செடி, அதுவரை நான் கேள்விப்பட்டிராதது, நான் தூங்கி எழுகிற ஜன்னலுக்கு வெளியே வளரப்போகிறது என்பது அறுபத்திரண்டு வயதில் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஐந்தாம் நாளே தோண்டிப் பார்த்தேன். முதல் குற்றம் அதுதான், சின்னது. மருமகள் செவ்வாயும் வியாழனும் காலையில் குழந்தையை நூலகத்துக்குக் கூட்டிப்போவாள், கதை சொல்வார்கள். கார் திருப்பத்தில் மறைந்ததும் ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு போய் மண்ணைக் கிளறுவேன். சில விதைகள் ஊறிப் பருத்திருந்தன. சில போட்டது போட்டபடி கல்லாகவே கிடந்தன. ஒரே பாட்டில், ஒரே தாளில் தேய்த்தது, ஒரே மழை. ஏன் இப்படி? எல்லாம் ஒன்றாக முளைத்து ஒரே பனியில் செத்துப்போகாமலிருக்க அந்தச் செடி செய்து வைத்திருக்கிற ஏற்பாடு என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. புத்தகத்தில் ஒரு வரியாக எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறேன். கையில் வைத்துப் பார்த்தபோது அந்த வரி எனக்கே புதிதாக இருந்தது.

பாட்டிலில் மிச்சமிருந்ததில் ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் முடிந்து, மைக்ரோவேவுக்குப் பின்னால் வைத்தேன். என் மனைவி பச்சைப்பயறு முளைகட்டி வைக்கிற இடமும் அதுதான். அவள் முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதையும் தாளிச்சுப் போட்டறட்டுங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு நான் செய்கிற ஆராய்ச்சி எதன்மேலும் மரியாதை கிடையாது. பண்ணைக்காரர் மகள், பத்தாவது வரை படித்தவள். எந்தச் செடிக்கு என்ன வேண்டும் என்று என்னைவிட நன்றாகத் தெரியும், அதன் காரணம் மட்டும் தெரியாது. காரணம் தெரிந்தவன் நான். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நவம்பரில் பாத்தி பச்சை கட்டியது. செடி மேலே எழும்பவில்லை. மண்ணோடு மண்ணாக வட்டமாகப் படுத்துக்கொண்டது. ஒவ்வொரு இலையும் விரித்த உள்ளங்கை மாதிரி ஐந்தாகப் பிரிந்திருந்தது. காலையில் ஒவ்வொரு உள்ளங்கையின் நடுவிலும் ஒரு சொட்டுப் பனிநீர், உருளாமல் நிற்கும். நான் முழங்காலிட்டுக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். டிசம்பரில் முதல் உறைபனி விழுந்த காலை, எல்லாம் கருகியிருக்கும் என்று பயந்து மருமகள் ஸ்வெட்டர்கூடப் போடாமல் ஓடி வந்தாள். ஒரு இலைக்கும் சேதமில்லை. ஓரத்தில் மட்டும் மருதாணி வைத்தாற்போல் சிவந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவளுக்கும் எனக்கும் நடுவில் நல்ல பழக்கம் வந்தது அந்த மாதத்தில்தான்.

ஆனால் அதற்குப் பிறகு எதுவும் நடக்கவில்லை. வாரங்கள் போயின, செடி படுத்தபடியே கிடந்தது. ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தேன். வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர்முடிச்சு, காற்றிலிருக்கிற நைட்ரஜனைப் பிடித்துத் தனக்குத் தானே உரம் செய்துகொள்ளும் என்பதை எத்தனை வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன்! சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதாவது அந்தச் செடிக்கு என் உதவி எதுவும் தேவையில்லை என்பது டிசம்பர் இரண்டாவது வாரத்தில், என் நக இடுக்கில், எனக்குத் தெரியும்.

போதாததற்கு மருமகளும் சொல்லியிருந்தாள். ஒரு தடவை அல்ல. "இதுக்கு ஒண்ணுமே போடக்கூடாதாமுங்க மாமா. பட்டினி கெடந்தாத்தான் பூக்குமாம்."

கறிவேப்பிலைத் தொட்டிக்கும் பின்பக்கம் தக்காளி வைக்கவும் என்று மகன் கடையிலிருந்து நாலு மூட்டை மக்கிய மாட்டு எரு வாங்கிப் போட்டிருந்தான். பிளாஸ்டிக் மூட்டை, பசு படம் போட்டது. கூடவே தண்ணீரில் கரைத்து ஊற்றுகிற நீலநிற உரப் பரல் ஒரு டப்பா. ஒரு வியாழக்கிழமை, கார் போனதும், மூட்டையைப் பிரித்தேன்.

ஏன் செய்தேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எரு போடாத பாத்தியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எங்கள் பக்கத்து ஆட்களால் முடியாது என்று ஒரு காரணம் சொல்லலாம். மகன் வீட்டில் எனக்கு வேறு வேலையில்லை என்று ஒன்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான், ஆனால் உண்மையான காரணம் அவை அல்ல. போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான். கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. நான் பாத்தி முழுவதற்கும் போடவில்லை. சுவரையொட்டி ஒரு முழ அகலத்தை விட்டுவிட்டேன். சோதனை என்றால் ஒப்பீட்டுக்கு ஒரு பகுதி தொடாமல் இருக்கவேண்டும் அல்லவா? இருட்டில் கை தவறிய காரியமாக இருந்திருந்தால் ஓரம் விட்டிருக்கமாட்டேன்.

எருவை மண்ணோடு கலந்து தண்ணீர் தெளித்துவிட்டேன். கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போட்டதாக வீட்டில் சொன்னேன். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பத்து நாளைக்கு ஒரு தடவை நீலத் தண்ணீர். ஒரு நாள் என் மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். கையில் ஊற்று கேனோடு நான் உள்ளே வந்ததும் கேட்டாள்.

"கொள்ளுக்காட்டுக்கு யாருங்க எருவடிப்பாங்க? கொடிதான் ஓடும், காயா புடிக்கும்?"

"இது கொள்ளு இல்ல."

"ரெண்டும் ஒரே குடும்பம்னு நீங்கதானுங்க அந்தப் புள்ளைக்குச் சொல்லிட்டிருந்தீங்க."

நான் கேனைக் கழுவி வைத்தேன். மருமகளை அம்மிணி என்றுதான் அவள் கூப்பிடுவாள். "அம்மிணிகிட்டச் சொல்லிட்டாவது செய்யுங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமலிருந்தது அவள் செய்த உபகாரம் என்று அப்போது நினைத்தேன். அந்த உபகாரத்தை நான் அவளிடமிருந்து வாங்கியிருக்கவே கூடாது.

பிப்ரவரியில் பாத்தி பொங்கி வழிந்தது. கணுக்கால் உயரம், பிறகு முழங்கால் உயரம். கடும்பச்சை இலைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. மருமகள் தினமும் மூன்று தடவை வந்து பார்ப்பாள். அதுவரை "என்ன, உன் காடு எப்ப அறுவடை?" என்று கேலி செய்துகொண்டிருந்த மகன்கூட, பரவாயில்லையே என்றான். எதிர் வீட்டு அம்மாள் மட்டும் தெருவைத் தாண்டி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இவ்வளவு பச்சையாக இந்தச் செடியைத் தான் பார்த்ததில்லை என்றார். பாராட்டு என்று மருமகள் எடுத்துக்கொண்டாள். அந்த அம்மாள் குரலில் பாராட்டு இல்லை என்பது எனக்குக் கேட்டது.

மார்ச் மூன்றாவது வாரம் சாலையோரங்கள் நீலமாயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் காரில் போய், வரிசையாக நின்ற கார்களுக்குப் பின்னால் எங்கள் காரையும் நிறுத்தி, பேத்தியைப் பூவுக்குள் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தோம். ஒருவர் காலும் ஒரு பூவை மிதிக்காதபடி அத்தனை குடும்பங்களும் ஏற்கெனவே தடம் விழுந்த இடத்திலேயே நடந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கல்லும் கரம்புமாக, ஒருவரும் திரும்பிப் பார்க்காத நிலம் அது. "நம்மளது இன்னும் பத்து நாள்லங்க," என்று மருமகள் என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் எங்கள் பாத்தியில் இலை இன்னும் ஒரு சாண் உயர்ந்தது. மழை பெய்ததும் கனம் தாங்காமல் சாய்ந்தது. பூத்தண்டு எழும்பவில்லை.

சுவரோரத்தில் மட்டும் எழும்பியது. நான் விட்டுவைத்த அந்த ஒரு முழத்தில், சின்னச் சின்ன, வயிறு ஒட்டிய செடிகளில், பதினாறு நீலத் தண்டுகள். முன்னால் நின்ற பச்சைக்குப் பின்னே மறைந்து கிடந்ததால் தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. முதல் தண்டைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கம் அல்ல, பயம் அல்ல. சோதனை இவ்வளவு துல்லியமாகப் பலித்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. எல்லைக்கோடுகூடத் தெரிந்தது: இந்தப் பக்கம் இலை, அந்தப் பக்கம் பூ. நான் எண்ணிப் பார்த்து, ஒரு நோட்டில் குறித்தும் வைத்தேன். மருமகளின் ஞாபகம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது.

அவள் அந்தப் பதினாறு தண்டுகளின் பக்கத்தில் ஐந்து நாள் உட்கார்ந்தாள். குழந்தை தூங்குகிற நேரமெல்லாம் அங்கேதான். ஒவ்வொரு பூவின் நெற்றியிலும் ஒரு வெள்ளைப் பொட்டு இருப்பதையும், சில பூக்களில் அது சிவந்துவிடுவதையும், தேனீ வெள்ளைப் பொட்டுப் பூவில் மட்டும் இறங்குவதையும் அவள்தான் கண்டுபிடித்து எனக்குச் சொன்னாள். மகரந்தம் சேர்ந்து முடிந்த பூ பொட்டின் நிறத்தை மாற்றித் தேனீயைத் திருப்பி அனுப்புகிறது என்று நான் விளக்கினேன். அது உண்மை. அடுத்து அவள் கேட்டதற்கு நான் சொன்னது உண்மையல்ல.

"இங்க மட்டும் ஏனுங்க மாமா பூத்துச்சு?"

கேள்வி சரியான கேள்வி. வகுப்பில் ஒரு மாணவி கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன். நான் செங்கல் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். பகல் வெயிலை வாங்கிச் சுவர் ராத்திரி விடுகிறது, அந்தச் சூட்டில்தான் மொட்டு பிடித்திருக்கிறது, சுவரைவிட்டுத் தள்ளி விதைத்திருக்கக் கூடாது என்றேன். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. எனக்கே அது நம்பும்படி இருந்தது.

அவளும் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்ப எடம் பாத்துப் போடத் தெரியிலீங்க எனக்கு. கைராசி வேணுமில்லீங்க, இதுக்கெல்லாம்," என்றாள்.

கைராசி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். சிலர் வைத்தால் துளிர்க்கும், சிலர் தொட்டால் பட்டுப்போகும் என்று சொல்கிற மாணவர்களை நிற்கவைத்துத் திட்டியிருக்கிறேன்: மண்ணென்ன, நீரென்ன, விதையென்ன என்று பார்க்கச் சோம்பல்பட்டவன் கண்டுபிடித்த வார்த்தை அது என்று. அன்றைக்கு அந்த வார்த்தைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். "அப்படியெல்லாம் இல்லம்மிணி," என்று மட்டும் சொன்னேன், ஆறுதல் சொல்கிற குரலில். அந்தக் குரலில் சொன்னால் அது ஆமாம் என்றுதான் அர்த்தமாகும்.

ஏப்ரல் கடைசியில் எதிர் வீட்டு அம்மாள் வந்து, அசோசியேஷனில் ஒப்புக்கொள்ளவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். மருமகள், சுவர்ச்சூடு விஷயத்தை என் பெயரைச் சொல்லி, மாமனார் பாட்டனி புரொஃபசர் என்று சொல்லி, அவருக்கு விளக்கினாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். திறந்தவெளியில் பூக்கிற செடிக்குச் சுவர் எதற்கு என்று அவர் கேட்டிருக்கலாம். படித்தவன் சொல்கிறானே என்று விட்டுவிட்டார் என நினைக்கிறேன். அந்தச் சனிக்கிழமை மகன் புல்வெட்டும் மெஷினால் எல்லாவற்றையும் வெட்டினான், சுவரோரத்தையும் சேர்த்து. புதுப் புல்லை வாங்கி வந்து பாய் விரிப்பதுபோல் விரித்தார்கள். ஜூனில் நாங்கள் ஊருக்குத் திரும்பினோம்.

அந்த அக்டோபரில் அவள் விதைக்கவில்லை என்று போனில் தெரிந்துகொண்டேன். அடுத்த அக்டோபரிலும் இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் பேசினோம். ஒவ்வொரு ஞாயிறும் சொல்லிவிடலாம் என்று நினைத்து, மழை பெய்ததா, வெயில் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

2000 அக்டோபரில் இரண்டாம் முறை போனோம். கிரீன் கார்டு வந்து மருமகள் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பேத்திக்கு ஐந்து வயது, பள்ளிக்கூடம் போனாள். நாங்கள் தமிழில் பேசினால் அவளுக்கு எல்லாம் புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும். நுழைவாயில் நிலத்தில் வேறு யாரோ புதர்ச் செடிகளை நட்டு, கத்தரித்து, அவை இடுப்புயரம் வளர்ந்திருந்தன. காரில் ஒவ்வொரு தடவை உள்ளே நுழையும்போதும் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் பேத்தி பள்ளியில் கொடுத்த ஒரு சின்ன விதைப் பொட்டலத்தோடு வந்தாள். மேலே நீலப் பூ அச்சடித்திருந்தது. எங்கே போடலாம் என்று அம்மாவைக் கேட்டாள். மருமகள் ஆபீஸ் உடுப்போடு அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்:

"அம்மாவுக்குக் கைராசி இல்ல கண்ணு. தாத்தாகிட்டக் குடு. தாத்தா போட்டா வரும்."

பேத்தி பொட்டலத்தை என் கையில் வைத்தாள். வைத்துவிட்டு, கைராசி என்றால் என்ன என்று என்னை ஆங்கிலத்தில் கேட்டாள்.

அப்படி ஒன்று கிடையாது என்று அவளிடம் சொன்னேன். பிறகு அவள் அம்மாவிடம் மற்றதைச் சொன்னேன். எருவை, நீலத் தண்ணீரை, விட்டுவைத்த ஒரு முழத்தை, சுவரைப் பற்றிச் சொன்ன பொய்யை. நோட்டில் குறித்து வைத்ததையும் சொன்னேன். மகன் ஹாலில் டிவியை நிறுத்தினான். என் மனைவி பேத்தியைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மருமகள் கத்தியைக் கீழே வைத்தாள். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. எத்தனை மூட்டை என்று கேட்டாள். இரண்டு என்றேன். எந்த மாதம், எத்தனை தடவை, டப்பாவில் எத்தனை ஸ்பூன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவள் கேட்ட வரிசை சரியாக இருந்தது. எனக்கு அதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. கடைசியில் சொன்னாள்:

"நாலு வருஷமா யாரு கேட்டாலும் செவுத்தோரமாப் போடுங்கன்னு சொல்லிட்டிருக்கறனுங்க மாமா. நம்ம தமிழ்க்காரங்க ஆறேழு வீட்டுல செவுத்தோரமாத்தான் போட்டிருக்காங்க."

அவர்களிடம் நானே போன் செய்து சொல்கிறேன் என்றேன். வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். எதிர் வீட்டு அம்மாளிடம் மட்டும் நீங்கள் சொல்லுங்கள் என்றாள். மறுநாள் காலை தெருவைத் தாண்டிப் போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் கதவைப் பிடித்தபடி கேட்டுவிட்டு, அந்தப் பச்சையைப் பார்த்தபோதே சந்தேகப்பட்டதாகவும், அப்போதே வாய்விட்டுக் கேட்காதது தன் தப்பு என்றும் சொன்னார். அது தேவையற்ற பெருந்தன்மை. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வார இறுதியில் மருமகளும் பேத்தியும் பின்பக்கம் வேலியோரத்தில் மண்ணைக் கிளறினார்கள். அங்கே யார் அனுமதியும் தேவையில்லை. உப்புத்தாள் வேண்டுமா என்று கேட்க நான் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். மருமகள் எழுந்து வந்தாள்.

"நாங்க பாத்துக்கறமுங்க மாமா. நீங்க இந்தப் பக்கம் வரவேண்டாம். வந்து பாக்கவும் வேண்டாம்."

கோபமாகச் சொல்லவில்லை. கதவை மெதுவாகச் சாத்தினாள். அன்றிலிருந்து நான் காலைக் காபியை வாசல் பக்கம், புல்லைப் பார்த்துக்கொண்டு குடித்தேன். நவம்பரில் முளைத்திருக்கும், டிசம்பரில் படுத்திருக்கும், இலையில் பனிச்சொட்டு நிற்கும் என்று தெரியும். தெரிந்தும் ஒரு நாள்கூட அந்தக் கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்பவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது என் மனைவிக்குத் தெரியும். பின்பக்கம் துணி உலர்த்தப் போய்விட்டு வரும்போது முகத்தை ஒன்றும் காட்டாமல் வைத்துக்கொள்வாள். 2001 மார்ச் முதல் வாரம், பூக்கிற பருவத்துக்கு முன்பே, எங்கள் டிக்கெட். கிளம்பினோம்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி போனில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, நீங்க கேட்டாச் சொல்லலாம்னு அம்மிணி சொல்லுது. கேக்கறீங்களா?"

கேட்டால் பூத்ததா என்பதோடு நிறுத்தமாட்டேன். எத்தனை, எந்தப் பக்கம், எந்தத் தேதி என்று போய், ஏன் என்று ஒரு விளக்கமும் சொல்லத் தொடங்கிவிடுவேன். வேண்டாம் என்று தலையசைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ ஏப்ரல் வந்து போய்விட்டது. மருமகளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதை எழுதும்போதுகூடக் கேட்டுவிடலாமா என்று இரண்டு தடவை போன் பக்கம் பார்த்தேன்.